கடிதமும் பதிலும் ஓரிடம் சேர்ந்த வரலாறு

அலுவலகக் கடிதப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் சென்ற கடிதம் நீராவிக் கப்பலில் வாரக்கணக்கிலும் தந்தியில் மணிக்கணக்கிலும் மின்னஞ்சலில் நொடிக்கணக்கிலும் சென்றது என்று அந்த வரலாறு சொல்லிச் செல்கிறது. கடிதத்தைப் பெற்றவரின் மேசையிலிருந்த சிக்கலோ வேறு. கையிலிருக்கும் கடிதம் எதற்குப் பதில், அதற்கு முன் யார் யாருக்கு என்ன எழுதினார்கள், அந்தப் பழைய கடிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றை எந்த வரிசையில் படித்தால் விஷயம் விளங்கும் என்ற கேள்விகளுக்கு வேகம் விடை தரவில்லை. கடிதங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் கேள்விகளைக் கடினமாக்கியது என்றே கூற வேண்டும். ஒரே பொருளைப் பற்றிய மின்னஞ்சல்களும் அவற்றின் பதில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரண்டு நிற்பதைக் கணினித் துறையினர் த்ரெட் என்பர். இந்திய அலுவலகங்களின் பேச்சுவழக்கில் அது ‘ட்ரெயில் மெயில்’. தொடர்மடல் என்று இங்கே குறிக்கப்படும் இந்த ஏற்பாடு, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தர்கள் முயன்றுவந்த ஒரு வேலையின் அண்மைய வடிவமாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்துக்கும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இதற்கு நல்ல பழைய சான்று. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த கப்பல் ஒருவழிப் பயணத்துக்கே ஐந்தாறு மாதங்கள் எடுத்துக்கொண்டதால், கோட்டையிலிருந்து எழுதிய கேள்விக்கு விடை வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆவது வழக்கம். அதற்குள் கேட்டவர் வேறு பதவிக்கு மாறியோ, ஊர் திரும்பியோ, இறந்தோ போயிருப்பார். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும் என்பதால் ஒரே கடிதத்தின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன. ஆகவே ஒரு கடிதம் இருமுறை வந்துசேர்வதும், பின்னால் எழுதியது முன்னால் வருவதும் உண்டு. இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கக் கம்பெனி கண்ட வழி பத்தி எண். கடிதத்தின் ஒவ்வொரு பத்திக்கும் வரிசை எண் இட்டு, இன்ன தேதியிட்ட உங்கள் கடிதத்தின் இன்ன பத்திக்கு இது விடை என்று பதில் பத்திவாரியாக எழுதப்பட்டது.

1784-ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டம் கம்பெனியைக் கண்காணிக்கக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற அரசுக் குழுவை ஏற்படுத்தியதும் வேலை இரட்டித்தது. இந்தியாவுக்குச் செல்லும் கடித வரைவுகளை வாரியம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வாரியத்துக்கோ முன்கதை தெரியாது. எனவே அந்த விஷயம் பற்றி இந்தியாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள், நடவடிக்கைப் பதிவுகள் முதலியவற்றின் படிகளைத் திரட்டி, கட்டாகக் கட்டி வரைவோடு சேர்த்து அனுப்பினார்கள். ‘கலெக்ஷன்ஸ்’ எனப்பட்ட அந்தக் கட்டுகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1823 முதல் 1858 வரை கம்பெனியின் ஆய்வாளர் அலுவலகத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் பார்த்த உத்தியோகத்தின் சாரம் இத்தகைய கட்டுகளைப் படித்து முடித்துப் பதில் வரைவதுதான். அவர் வரைந்தவை ஏறத்தாழ 1,700 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுதந்திரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் அந்த வேலையிலிருந்து விடுபட்ட மறு ஆண்டில் வெளிவந்தது தற்செயலாகவே இருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிக அலுவலகம் இந்த விஷயத்தில் கம்பெனியைவிடப் பின்தங்கியே இருந்தது. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற நகல் அழுத்தி, எழுதிய கடிதத்தின் மீது ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தி மையை அதில் ஒற்றி எடுக்கும் கருவி. பின்னர் அத்தாள்கள் தடித்த புத்தகமாகவே கட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. அனுப்பும் கடிதங்களின் நகல்கள் தேதி வரிசையில் அந்தப் புத்தகத்துக்குள் பதிந்தன. வந்த கடிதங்களோ மடிக்கப்பட்டு, அனுப்பியவர் பெயரும் தேதியும் பொருளும் முதுகில் குறிக்கப்பட்டு, மேசையின் மாடங்களில் செருகப்பட்டன. ஆக, கேள்வி ஓரிடத்திலும் பதில் வேறோரிடத்திலும் கிடந்தன. ஒரு வாடிக்கையாளரோடு நடந்த பேச்சை முழுமையாகப் படிக்க வேண்டுமானால், எழுத்தர் மாடத்திலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்துப் படித்து, நகல் புத்தகத்தின் பெயரகராதியைப் பார்த்து உரிய பக்கத்தைத் தேடி, மீண்டும் மாடத்துக்குத் திரும்ப வேண்டும். மின்னஞ்சலில் வந்த மடலுக்கு ஒரு பெட்டியும் அனுப்பிய மடலுக்கு வேறொரு பெட்டியும் வைத்தவர்கள் அதே பிரிவினையை மறுபடி செய்தார்கள்.

அந்தப் பிரிவினை காகிதத்தில் நீங்கியதற்குத் தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் காரணம். நகல் தனித்தாளாகக் கிடைக்கத் தொடங்கியதால் அதைப் புத்தகத்தில் பூட்டிவைக்கத் தேவையில்லாமற்போனது. நூலகவியலாளர் மெல்வில் டூயி தொடங்கிய லைப்ரரி பீரோ நிறுவனம் 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் செங்குத்துக் கோப்பு முறையைக் காட்சிக்கு வைத்துத் தங்கப் பதக்கம் பெற்றது. மடிக்காத தாள்களை உறைகளில் இட்டு இழுப்பறைக்குள் நிமிர்த்தி நிறுத்தும் அந்த முறையில், ஒரு பொருளுக்கோ ஒரு நபருக்கோ உரிய வந்த கடிதமும் சென்ற கடிதத்தின் கார்பன் நகலும் ஒரே உறைக்குள் தேதி வரிசையில் அமர்ந்தன. பார்ப்பதற்கு வெறும் இழுப்பறை அலமாரி. ஆனால் அலுவலக வரலாற்றில் அது தந்திக்குக் குறைந்த கண்டுபிடிப்பன்று.

இந்திய அரசு அலுவலகக் கோப்பு அங்கிருந்தும் ஒரு படி மேலே சென்றது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு கோப்பைத் திறந்தால் அதில் இரு பகுதிகள் இருக்கும். வந்த கடிதங்களும் சென்ற கடிதங்களின் நகல்களும் அடங்கியது நடப்புக் கோப்பு. அவற்றைப் படித்து அலுவலர்கள் எழுதிய கருத்துகள் அடங்கியது குறிப்புக் கோப்பு. பிரிவு எழுத்தர் நடப்பிலுள்ள தாள்களை வாசித்து, விஷயத்தின் தொடக்கம், இதுவரை நடந்தது, பொருந்தும் விதி, முன்னுதாரணம் ஆகியவற்றைச் சுருக்கி, எண்ணிட்ட பத்திகளாகக் குறிப்பில் எழுதி, இன்ன தாளைப் பார்க்க என்று துண்டுச் சீட்டு செருகி, ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது என்று முடித்துக் கையொப்பமிடுவார். மேலதிகாரி அதன் கீழே எழுதுவார். அவருக்கு மேலானவர் அதற்கும் கீழே. வெளியே செல்லும் கடிதத்தின் தலைப்பிலோ ‘பொருள்’ என்றும் ‘பார்வை’ என்றும் இரு பகுதிகள் நின்று, எதைப் பற்றியது, எந்தெந்தக் கடிதங்களின் தொடர்ச்சி என்பதைச் சொல்லிவிடும். கடிதங்களைச் சேர்ப்பது வேறு வேலை, சேர்ந்தவற்றைப் படித்துச் சொல்வது வேறு வேலை என்பதை இந்த முறை தெளிவாகப் பிரித்திருந்தது. அதன் தாமதத்தைக் குறை கூறியவர்கள் இந்த நயத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மின்னஞ்சல் இவையனைத்தையும் அறியாததுபோலப் பிறந்தது. 1971-இல் பி.பி.என். நிறுவனத்தின் பொறியாளர் ரே டாம்லின்சன், அமெரிக்க ஆய்வு நிலையங்களை இணைத்த ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னலில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மடல் அனுப்பிக் காட்டியபோது, அஞ்சல் பெட்டி என்பது ஒரே ஒரு நீண்ட கோப்பு. புதிய மடல் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். படிக்க விரும்பியவர் கோப்பு முழுவதையும் முதலிலிருந்து அச்சிட்டுப் பார்த்தார். 1972-இல் லாரி ராபர்ட்ஸ் எழுதிய ஆர்.டி. என்ற சிறு நிரல்தான் மடல்களைப் பட்டியலிட்டு, வேண்டியதைத் தேர்ந்து படிக்க வழிசெய்தது. 1975-இல் ஜான் விட்டல் உருவாக்கிய எம்.எஸ்.ஜி. என்ற நிரலில் ‘ஆன்சர்’ என்றொரு கட்டளை சேர்ந்தது; பெறுநர் முகவரியை மறுபடி தட்டச்சு செய்யாமல் வந்த மடலுக்கே நேராகப் பதில் எழுத அது உதவியது. ஒரு விசையை அழுத்தினால் பதில் என்ற வசதி வந்த பிறகே பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று மடல்கள் நீளத் தொடங்கின. ஆகையால் தொடர்மடலின் பிறப்பை 1971-இல் வைப்பதைவிட 1975-இல் வைப்பதே பொருத்தம்.

மடலின் தலைப்பு வரிகளுக்கு ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. இணைய வடிவமைப்பாளர்கள் தமக்குள் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்கும் ஆவணங்கள் ஆர்.எஃப்.சி. எனப்படும். அவற்றுள் 1973 செப்டம்பரில் வெளியான 561-ஆம் எண் ஆவணம், அனுப்புநர், தேதி, பொருள் ஆகிய வரிகளை வகுத்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பட்டம் பெற்ற அபய் பூஷண். 1977 நவம்பரில் வந்த 733-ஆம் எண் ஆவணம் மூன்று வரிகளுக்கு இலக்கணம் சொன்னது: மடலுக்குத் தனித்த அடையாளம் தரும் மெசேஜ்-ஐடி, எந்த மடலுக்கு இது பதில் என்று காட்டும் இன்-ரிப்ளை-டு, தொடர்புடைய பிற மடல்களைச் சுட்டும் ரெஃபரன்சஸ். அரசுக் கடிதத்தின் ‘பார்வை’ செய்யும் வேலையை இவை கணினிக்காகச் செய்தன. குறை என்னவென்றால், மூன்றுமே விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தன. இன்-ரிப்ளை-டு வரியில் அடையாள எண்ணைத்தான் எழுத வேண்டும் என்றும் விதியில்லை. இன்ன தேதியிட்ட உங்கள் மடல் என்று வாக்கியமாக எழுதினாலும் செல்லும். 1982-இன் புகழ்பெற்ற 822-ஆம் எண் ஆவணமும் அந்தத் தளர்வை அப்படியே விட்டது. 2001-இல் 2822-ஆம் எண் ஆவணம் வந்துதான் அடையாள எண்ணை மட்டுமே எழுதும்படி இறுக்கியது.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு முகாம் இதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகக் கணினிகளிடையே பொதுச் செய்திகளைப் பரப்பிய யூஸ்நெட் அமைப்புக்காக 1983-இல் எழுதப்பட்ட 850-ஆம் எண் ஆவணம், தொடர்ச்சியாக எழுதப்படும் ஒவ்வொரு செய்தியிலும் ரெஃபரன்சஸ் வரி இருந்தே ஆக வேண்டும் என்றது. முன்னோர் பெயர்களெல்லாம் செய்தியிலேயே இருந்ததால், யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பதை வம்சாவளி மரம்போல வரைந்துகாட்டும் படிப்பான் நிரல்கள் அங்கே முதலில் வளர்ந்தன. அந்த அறிவை மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் ஜேமி ஜவின்ஸ்கி. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் 2.0, 3.0 பதிப்புகளின் மடல் படிப்பானுக்காக அவர் வகுத்த வழிமுறை, குறையுள்ள தகவலைக் கொண்டு குடும்பத்தைச் சேர்க்கும் கலை எனலாம். ஒவ்வொரு அடையாள எண்ணுக்கும் ஒரு கூடு செய்து, மடல் கையில் இருந்தால் அதில் வைத்து, அழிக்கப்பட்டதாலோ வந்துசேராததாலோ மடல் இல்லையென்றால் கூட்டைக் காலியாகவே விட்டு, அதன் பிள்ளைகளை அதன்கீழ் நிறுத்தும். தாய்மடல் தொலைந்தும் உடன்பிறப்புகள் சிதறாமல் இருப்பதற்கு அந்தக் காலிக் கூடே காரணம். அடையாளமே இல்லாத மடல்களைக் கடைசியாகப் பொருள் வரியை ஒப்பிட்டுச் சேர்க்கும். 2008-இல் அஞ்சல் வழங்கிகளுக்காக வந்த 5256-ஆம் எண் ஆவணம் இதே வழிமுறையை அடியொற்றியது.

பொருள் வரியை நம்பிச் சேர்ப்பது எப்போதும் ஆபத்தான வேலைதான். ‘கூட்டம்’ என்றோ ‘அவசரம்’ என்றோ பொருள் எழுதும் அலுவலகத்தில் தொடர்பில்லாத மடல்கள் ஒரே குடும்பமாகிவிடும். பதில் என்பதைக் காட்டப் பொருளுக்கு முன் சேரும் ‘ரீ’ என்ற ஒட்டு, ஜெர்மன் மொழி மென்பொருள்களில் ‘ஏ.டபிள்யூ.’ என்றும் ஸ்வீடிஷ் மொழியில் ‘எஸ்.வி.’ என்றும் மாறியதால், இரு நாட்டு அலுவலகங்களுக்கிடையே ஓடிய மடலின் தலைப்பில் ஒட்டுகள் வரிசையாக ஏறி உண்மையான பொருள் திரைக்கு வெளியே தள்ளப்பட்டது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் இதற்காகத் தனி வழி ஒன்றை வைத்திருந்தது: த்ரெட்-இண்டெக்ஸ் என்ற வரியில் முதல் மடலுக்கு 22 பைட் அளவுள்ள குறியீடு, ஒவ்வொரு பதிலுக்கும் மேலும் 5 பைட். மடலின் தலைமுறையை அந்த வரியின் நீளமே சொல்லிவிடும்; ஆனால் பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் பொதுவாக ரெஃபரன்சஸ் வரியையே பின்பற்றியதால், இரு முகாம்களுக்கிடையே சென்றுவந்த தொடர்மடல்கள் உடைவது சாதாரணமாயிற்று.

படிப்பவரின் துன்பம் இன்னொரு பக்கமும் வளர்ந்தது. பழைய வலைப்பின்னல் மரபில், பதில் எழுதுபவர் மூலமடலின் தேவையான வரிகளை மட்டும் நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கோணக்குறி இட்டு, அதன்கீழ் விடை எழுதுவார். கம்பெனிக் கடிதங்களின் பத்திவாரி விடைக்கு இது மிக நெருங்கியது. 1995-இல் வெளியான 1855-ஆம் எண் ஆவணம், பதிலின் தொடக்கத்தில் மூலமடலைச் சுருக்கிச் சொல்லவோ சூழல் புரியும் அளவுக்கு மட்டும் மேற்கோள் காட்டவோ அறிவுறுத்தியது. அலுவலக மென்பொருள்கள் அதற்கு நேர்மாறாக, மூலமடல் முழுவதையும் அடியில் வைத்து, மேலே எழுத இடம் விட்டன. விளைவாக, ‘கீழே உள்ள ட்ரெயில் மெயிலைப் பார்க்கவும்’ என்ற ஒற்றை வரியோடு அனுப்பப்படும் மடலின் அடியில் இருபது மடல்கள் தலைகீழ் வரிசையில் கிடக்கின்றன. புதிதாகச் சேர்க்கப்பட்டவர் அடிவரை இறங்கி, ஒவ்வொரு மடலையும் மேலிருந்து கீழாகவும் மடல்களைக் கீழிருந்து மேலாகவும் படித்து ஏற வேண்டியிருக்கிறது. இடையே ஒருவர் வண்ண எழுத்தில் உள்ளே விடை எழுதியிருந்தால், அடுத்தவர் மென்பொருளில் அந்த வண்ணம் மறைந்து, கேள்வி எது விடை எது என்று தெரியாமற்போவதும் உண்டு. எளிமையைக் காரணம் காட்டிப் புகுத்தப்பட்ட இந்த வழக்கம், எழுதுபவரின் அரை நிமிடத்தை மிச்சப்படுத்திப் படிப்பவர் ஒவ்வொருவரின் கால் மணி நேரத்தையும் செலவழிக்கிறது.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் அறிவித்த ஜிமெயில், பிற இலவசச் சேவைகள் சில மெகாபைட் மட்டும் தந்த நாளில் 1 ஜிகாபைட் இடம் தந்ததற்காகவே அதிகம் பேசப்பட்டது. வரலாற்று நோக்கில் அதனினும் பெரிய மாற்றம், பால் புக்கைட் முன்னின்று உருவாக்கிய அச்சேவை மடலை விட்டுவிட்டு உரையாடலைப் பட்டியலின் அலகாகக் கொண்டதுதான். வந்ததும் அனுப்பியதும் ஒரே அடுக்கில் நின்றன; மீண்டும் மீண்டும் வரும் மேற்கோள் பகுதி மறைக்கப்பட்டது. சிகாகோவில் காட்டப்பட்ட உறை மின்னஞ்சலுக்கு வந்துசேர 111 ஆண்டுகள் ஆயின. இடத்தின் பெருக்கமும் இந்த ஏற்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை: மடல்களை அழிக்க வேண்டிய கட்டாயம் இருக்கும்வரை எந்தத் தொடரும் முழுமையாக இருக்க முடியாது.

வரவேற்பு ஒருமுகமாக இல்லை. ஒவ்வொரு மடலையும் தனிக் கடிதமாகக் கருதிப் பழகியவர்களுக்கு, நேற்று வந்த மடல் சென்ற மாதத்து மடலின் அடியில் ஒளிந்துகொள்வது தொல்லையாகத் தோன்றியது. எதிர்ப்பு ஓயாததால் 2010 செப்டம்பரில் உரையாடல் காட்சியை அணைத்துவைக்கும் விருப்பத்தை ஜிமெயில் தந்தது. அதே ஆண்டில் வந்த அவுட்லுக் 2010, மிகையான மடல்களை நீக்கும் வசதியையும், ஒரு தொடரை முற்றிலும் புறக்கணிக்கும் வசதியையும் சேர்த்தது; நாகரிகமாக ஒரு கூட்டத்திலிருந்து எழுந்து செல்ல ஒரு பொத்தான் கிடைத்தது. கிளைபிரியும் பேச்சை எப்படிக் காட்டுவது என்பது மட்டும் தீரவில்லை. ஒரே மடலுக்கு மூவர் தனித்தனியே பதில் எழுதினால் அது மரம். ஜிமெயில் அதை நேர்க்கோடாக்கித் தேதி வரிசையில் வைக்கிறது, மரமாகக் காட்டும் படிப்பான்களிலோ எது கடைசியாக வந்தது என்று தெரிவதில்லை. 2003-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெனோலியாவும் நியூஸ்டேட்டரும் இரண்டையும் கலந்த காட்சியொன்றை முன்வைத்தனர். அதே ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வாளர் பெர்னார்ட் கெர், மடல்களைக் காலவரிசைப் புள்ளிகளாகவும் பதிலுறவை வளைகோடுகளாகவும் வரைந்துகாட்டினார். இரண்டும் நல்ல யோசனைகள். அலுவலக மேசைகளில் நிலைபெற்றது கூகுளின் நேர்க்கோடுதான்.

மடலில் ஆட்களைச் சேர்ப்பது எளிதானதும் கூட்டமும் பெருகியது. 1997 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் ஏறத்தாழ 13,000 பேர் அடங்கிய ‘பெட்லம் டிஎல்3’ என்ற பெறுநர் பட்டியலுக்கு ஒருவர் தம்மை நீக்கும்படி எழுத, ‘என்னையும்’ என்று பலர் எழுத, எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள் என்று வேறு சிலர் எல்லோருக்கும் பதில் அனுப்ப, சுமார் 1.5 கோடி மடல்கள் வழங்கிகளைத் திணறடித்தன. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய தடுப்பு, 5,000 பேருக்கு மேற்பட்ட தொடரில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து ‘ரிப்ளை ஆல்’ வந்தால் நான்கு மணி நேரத்துக்கு வாயிலை அடைத்துவிடும்படி தொடக்கத்தில் அமைக்கப்பட்டிருந்தது.

பழைய மடலைத் தேடி எடுப்பதில் தொடர்மடலின் பயனை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஸ்டீவ் விட்டேக்கரும் அவருடைய குழுவினரும் 345 பயனர்களின் 85,000-க்கும் மேற்பட்ட தேடல் செயல்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, மடல்களைப் பொறுமையாகப் பிரித்துக் கோப்புறைகளில் அடுக்கி வைப்பவர்களுக்கு அந்த உழைப்பால் பலன் கிட்டவில்லை. தேடுபொறியும் தொடர்மடலுமே கைகொடுத்தன. சேர்க்கும் வேலையைக் கணினி மனிதரைவிட நன்றாகச் செய்கிறது என்பது இதன் பொருள்.

சேர்ந்ததைப் படித்துச் சொல்லும் வேலை அப்படியே நிற்கிறது. கம்பெனிக்கு மில் இருந்தார், கோப்புக்குக் குறிப்பெழுதும் எழுத்தர் இருந்தார். தொடர்மடலில் அந்த இடம் காலி. தேசியத் தகவலியல் மையம் இந்திய அரசு அலுவலகங்களுக்காக உருவாக்கிய இ-ஆபீஸ், திருத்தக்கூடிய மஞ்சள் குறிப்பு, இறுதியான பச்சைக் குறிப்பு என்று பழைய குறிப்புக் கோப்பைத் திரையிலும் காப்பாற்றியிருப்பது இந்த வகையில் தற்கால மின்னஞ்சலைவிட முதிர்ந்த ஏற்பாடு. 2024 முதல் ஜிமெயிலில் ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவு, கேட்டால் தொடரைச் சுருக்கித் தருகிறது. எழுத்தர் தவறாகச் சுருக்கியிருந்தால் கையொப்பத்தைக் கொண்டு அவரிடம் விளக்கம் கேட்கலாம். எந்திரச் சுருக்கத்துக்கு அப்படிப் பொறுப்பேற்பவர் இதுவரை யாருமில்லாததால், பணமோ பதவியோ சம்பந்தப்பட்ட முடிவை எடுப்பவர் அடிவரை இறங்கி மூலமடல்களைப் படித்தே ஆக வேண்டியிருக்கிறது.